மஞ்சள் பூவை பார்த்து மயங்காதீங்க! கொன்றை மாதிரியே இருக்கும் ‘சென்னா’ மரம்: அடையாளம் காண்பது எப்படி? ஒழிப்பது எப்படி?

கூடலூர்:-

கூடலூரில் இருந்து தொரப்பள்ளி வழியாக தெப்பக்காடு செல்லும் மைசூர் சாலையில், பூக்கும் காலத்தில் மஞ்சள் மஞ்சளாக பூத்து குலுங்கும் மரங்களை பார்த்ததும் சுற்றுலா பயணிகள் பலர் காரை ஓரங்கட்டி செல்போனில் படம் எடுக்கிறார்கள். புலிகள் காப்பகத்து சாலையில் வண்டியை நிறுத்துவதே தப்பு என்பது வேறு விஷயம். படம் எடுப்பவர்களில் பாதிப்பேர் அதை கொன்றை மரம் என்று நினைத்துக் கொண்டு போகிறார்கள். அது கொன்றை இல்லை. யானைக்கும் மானுக்கும் தீனி இல்லாமல் செய்து கொண்டிருக்கும் அந்நிய மரம்.

அந்த மரத்தின் பெயர் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். நம்ம ஊரில் மஞ்சக்கொன்னை என்கிறார்கள். எல்லை தாண்டி வயநாட்டுக்கு போனால் மலையாளிகள் ராட்சச கொன்னை என்கிறார்கள். அந்த பெயர்தான் பொருத்தமாக இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அழகுக்கு வந்தது, ஆளை விழுங்கியது

சென்னா மரத்தின் சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். பூவின் அழகுக்காகவும், நிழலுக்காகவும், சீக்கிரம் வளர்ந்து விறகு தரும் என்பதற்காகவும் உலகின் பல நாடுகளுக்கு கொண்டு போகப்பட்டது. பூங்காவில் வைத்தார்கள், பங்களா வாசலில் வைத்தார்கள், சாலையோரம் வைத்தார்கள். வயநாடு பக்கம் 1980-களில் சமூக காடு வளர்ப்பு திட்டத்தில் நடப்பட்ட மரங்கள்தான் பிறகு காட்டுக்குள் புகுந்து பரவியதாக சொல்லப்படுகிறது. முதுமலை, வயநாடு, பந்திப்பூர் மூன்றும் ஒட்டி ஒட்டி இருக்கும் காடுகள். மாநில எல்லை மனிதனுக்குத்தான், விதைக்கு கிடையாது.

இப்படி அழகுக்காக வந்து ஆபத்தாக முடிந்த கதை நீலகிரிக்கு புதிது அல்ல. இன்று காடெங்கும் புதர் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியும் வெள்ளைக்காரர்கள் காலத்தில் தோட்டத்து அழகு செடியாக வந்ததுதான். சீகை மரமும் அந்த காலத்தில் நட்டதுதான். உண்ணிச்செடி புதர். சீகை மேல்மலை புல்வெளியை பிடித்துக் கொண்டது. சென்னாவோ யானையும் புலியும் நடமாடும் கீழ்ப்பகுதி காட்டை பிடித்துக் கொண்டது.

ஆப்பிரிக்காவிலும் இதே தொல்லை உண்டு. டான்சானியா நாட்டில் சிம்பன்சி குரங்குகளுக்கு பேர் போன மஹாலே தேசிய பூங்காவில் இந்த மரம் புகுந்து, அங்கேயும் வெட்டியும் பட்டையை உரித்தும் பார்த்தார்கள். அதாவது இந்த மரத்தோடு மல்லுக்கட்டுவது நாம் மட்டும் அல்ல.

விஷ மரமா?

“அது விஷ மரம், கிட்ட போனாலே ஆபத்து” என்று ஒரு பேச்சு ஊருக்குள் உலாவுகிறது. அந்த அளவுக்கு பயப்பட ஒன்றும் இல்லை. தொட்டால் ஒன்றும் ஆகாது. நிழலில் நின்றால் ஒன்றும் ஆகாது. அரளி விதை மாதிரி இதை நினைத்து பதற வேண்டியது இல்லை.

ஆனால் நச்சு என்ற பேச்சில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. இதன் இலையிலும் பூவிலும் ஆல்கலாய்டு வகை ரசாயனங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பிரித்து எடுத்து பார்த்து இருக்கிறார்கள். மான், காட்டெருமை, யானை என்று இலை தின்னும் விலங்குகள் இந்த மரத்தை பொதுவாக சீண்டுவது இல்லை. வீட்டு ஆடு மாடுகளுக்கு இதன் தழையை வெட்டி போடவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை முக்கியமானது. சரக்கொன்றை காயின் உள்ளே இருக்கும் சதையை நாட்டு மருத்துவத்தில் மலச்சிக்கலுக்கு பயன்படுத்துகிறார்கள். இரண்டு மரமும் மஞ்சள் பூ, இரண்டும் நீள காய் என்பதால் சென்னா காயை சரக்கொன்றை என்று நினைத்து பறித்து வந்து கஷாயம் வைத்து விடக்கூடாது. சரக்கொன்றை காய் வேண்டும் என்றால் மரம் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்குவதே நல்லது.

விஷத்தை விட பெரிய கேடு வேறு இடத்தில் இருக்கிறது. சென்னா மரம் கூட்டமாகத்தான் வளரும். ஒன்றோடு ஒன்று நெருக்கியடித்து நிற்கும். மேலே குடை மாதிரி இலை மூடிக்கொள்ளும். கீழே வெயில் விழாது. உதிரும் இலை வேறு மற்ற செடி முளைப்பதை கெடுக்கிறது. விளைவு, புல் இல்லை. நெல்லி, வேங்கை, தேக்கு போன்ற நம்ம காட்டு மரங்களின் கன்று எழுவதும் இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று காடு. உள்ளே போய் பார்த்தால் மான் கடிக்க ஒரு கொத்து புல் கிடையாது.

மான் இல்லாத இடத்தில் புலிக்கு என்ன வேலை? காட்டுக்குள் தீனி இல்லாத யானை எங்கே போகும்? கூடலூர், மசினகுடி பக்கத்து ஜனங்களுக்கு இந்த கேள்விக்கு பதில் சொல்லித்தர வேண்டியது இல்லை. வாழைத்தோட்டத்தில் யானை புகுந்த ராத்திரிகளை அவர்கள் பார்த்து இருக்கிறார்கள். யானை ஊருக்குள் வருவதற்கு சென்னா மட்டுமே காரணம் என்று பழியை போட்டுவிட முடியாது. உண்ணிச்செடி, காட்டை ஒட்டிய கட்டிடங்கள், தண்ணீர் பஞ்சம் என்று காரணங்கள் பல. இருந்தாலும் மேய்ச்சல் நிலம் சுருங்குவதில் இந்த மரத்துக்கு பெரும் பங்கு உண்டு.

எது கொன்றை, எது சென்னா?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். “மஞ்சள் பூ மரத்தை வெட்டுங்கள்” என்று யாராவது சொன்னதும் அரிவாளை தூக்கிக்கொண்டு கிளம்பினால், நல்ல சரக்கொன்றையை சாய்த்துவிட்டு சென்னாவை விட்டு வைத்த கதையாகிவிடும். மஞ்சக்கொன்னை, மஞ்சள் கொன்றை என்ற பெயரையே நம்ம ஆட்கள் மூன்று நான்கு மரங்களுக்கு வைத்து இருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். பெயரை விட்டுவிட்டு மரத்தை பாருங்கள்.

முதலில் பூங்கொத்து. சிவன் கோவில்களில் பார்க்கும் சரக்கொன்றையின் பூ சரம் சரமாக கீழ்நோக்கி தொங்கும். பெயரே சரக்கொன்றை. கோடையில் இலை எல்லாம் உதிர்ந்து, மரம் முழுக்க பூச்சரம் மட்டும் தொங்குவது கண்கொள்ளா காட்சி. சென்னாவில் அப்படி தொங்காது. கிளை நுனியில் கொத்து கொத்தாக மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். மரத்தில் இலையும் அடர்த்தியாக இருக்கும், அதற்கு மேலே பூவும் இருக்கும். தொங்கினால் நம்மாளு, நிமிர்ந்தால் சந்தேகப்படு. இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பூ இல்லாத காலத்தில் என்ன செய்வது? இலையை பாருங்கள். ஒரு காம்பின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக சிற்றிலைகள் இருக்கும். சரக்கொன்றையில் அந்த ஜோடிகள் குறைவு, 3 முதல் 8 வரைதான். ஒவ்வொரு சிற்றிலையும் உள்ளங்கை அகலத்துக்கு பெரிதாக இருக்கும். சென்னாவில் ஜோடிகள் அதிகம், 8 முதல் 15 வரை எண்ணலாம். சிற்றிலை சிறிதாக, நீளவாக்கில், நுனி கூராக இருக்கும். இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் மெல்லிய ரோமம் போல தட்டுப்படும்.

காயிலும் வித்தியாசம் உண்டு. சரக்கொன்றை காய் கட்டை விரல் தடிமனில் ஒரு அடி, இரண்டு அடி நீளத்துக்கு தடி மாதிரி தொங்கும். உள்ளே கருப்பாக பிசுபிசுப்பான சதை. கரடிக்கு அது என்றால் உயிர். சென்னா காய் அதைவிட ஒல்லி. சுமார் 1 சென்டிமீட்டர் தடிமன்தான். நீளமும் ஒரு அடிக்குள் அடங்கிவிடும். முற்றினால் கருத்துப்போய் மேலே வளையம் வளையமாக கோடு தெரியும். ஒரு காயை உடைத்தால் 50-க்கும் மேற்பட்ட விதைகள் உதிரும். ஒரு மரத்தில் எத்தனை காய் என்று எண்ணிப்பார்த்தால் தலை சுற்றும்.

சாலையோரங்களில் நிற்கும் இன்னொரு மஞ்சள் பூ மரம் இயல்வாகை. பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். இதன் பூவும் நிமிர்ந்துதான் நிற்கும். ஆனால் இலை பொடிசாக, இறகு மாதிரி இருக்கும். காய் தட்டையாக செம்பு நிறத்தில் இருக்கும். அதை வைத்து கண்டுபிடித்துவிடலாம். சியாமியா எனப்படும் மற்றொரு சாலையோர கொன்றைக்கும் காய் தட்டைதான். அதன் சிற்றிலை நுனி கூராக இல்லாமல் மழுங்கி இருக்கும். ஆவாரம்பூ செடியை யாரும் இதோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். அது இடுப்பளவு புதர், காயும் தட்டை. ஆக, நிமிர்ந்த பூங்கொத்து, கூர் நுனி சிற்றிலை, உருண்டையான ஒல்லிக்காய் மூன்றும் ஒரே மரத்தில் சேர்ந்து இருந்தால் அது சென்னாதான்.

வெட்டினால் போச்சா?

“மரம்தானே, வெட்டினா போச்சு” என்று நினைத்தால் அங்கேதான் மோசம் போவோம். சென்னாவை அடியோடு வெட்டி சாய்த்த சில வாரங்களிலேயே அந்த கட்டையை சுற்றி புதுசாக துளிர்கள் கிளம்பி விடும். ஒரு மரம் இருந்த இடத்தில் பத்து, இருபது தளிர்கள். கவனிக்காமல் விட்டால் அவை அத்தனையும் மரம். வேர் ஏற்கனவே ஆழமாக பிடித்து இருப்பதால் அவை முன்பை விட வேகமாக வளரும். வெட்டுகிறவன் ஒருமுறை வருவான், மரம் ஒவ்வொரு முறையும் வரும். தீ வைத்தாலும் கட்டையில் இருந்து துளிர்க்கும், விதையும் கெட்டியான ஓடு உள்ளது. காட்டு ஓரத்தில் தீ வைப்பது சட்டப்படி குற்றமும் கூட.

அப்படி என்றால் என்னதான் வழி?

மரத்தின் வயதை பொறுத்து வழி மாறும். முழங்கால் உயரம், இடுப்பு உயரம் உள்ள கன்றுகளை கையாலேயே பிடுங்கிவிடலாம். அதற்கு சரியான நேரம் மழைக்காலம். மண் நனைந்து இளகி இருக்கும்போது வேர் முழுதாக வரும். வெயில் காலத்தில் இழுத்தால் தண்டு முறிந்து வேர் மண்ணிலேயே தங்கிவிடும், அது மறுபடி துளிர்க்கும். கை தடிமன் ஆகிவிட்ட கன்றுகளுக்கு கடப்பாரை வேண்டும். நெம்பி எடுக்கும் தனி கருவிகளும் இப்போது இருக்கின்றன. பிடுங்கிய கன்றை வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்து போட்டால் காய்ந்துவிடும்.

பெரிய மரத்துக்கு பட்டை உரிப்பது ஒரு வழி. மரத்தை வெட்டாமல், தரையில் இருந்து சுமார் 4 அடி உயரம் வரை சுற்றிலும் பட்டையை முழுவதும் உரித்துவிட வேண்டும். இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த பாதையை அறுத்துவிட்டால் வேர் பட்டினியில் சாகும், பிறகு மரமும் நின்ற இடத்திலேயே பட்டுப்போகும். கேட்பதற்கு சுலபம். செய்யும்போதுதான் சிக்கல். ஒரு விரல் அகலத்துக்கு பட்டை ஒட்டிக்கொண்டு இருந்தாலும் போதும், அதன் வழியாக மரம் பிழைத்துக் கொள்ளும். பட்டைக்கு அடியில் இருக்கும் வழவழப்பான பச்சை தோலையும் சுரண்டி எடுக்க வேண்டும். தரை மட்டத்தில் வேர் தொடங்கும் இடத்தில் மண்ணை கொஞ்சம் விலக்கி, அங்கேயும் உரிக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் மட்டும் ஒரு வளையம் போட்டுவிட்டு போனால் அதற்கு கீழே இருந்து துளிர் தள்ளும்.

உடனே சாகும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. மாதக்கணக்கில் ஆகும், சில மரங்கள் வருஷம் தாண்டியும் இழுத்துக்கொண்டு கிடக்கும். அதுவரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அடியில் வரும் துளிர்களை கிள்ளிவிட வேண்டும். கூலி கொடுத்து முதல் நாள் வேலையை முடித்துவிட்டு, அப்புறம் திரும்பிப்பார்க்காமல் விடுவதால்தான் பல இடங்களில் காசும் போய், மரமும் மிச்சமாக நிற்கிறது.

பட்டுப்போன மரம் காற்றில் முறிந்து விழலாம். ஆகவே வீடு, பாதை, மின்கம்பி பக்கத்தில் நிற்கும் மரத்துக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே வெட்டி சாய்த்து, அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுப்பதுதான் பாதுகாப்பு. வெட்டிய கட்டையில் களைக்கொல்லி பூசும் முறை சில நாடுகளில் இருக்கிறது. ஆனால் யானை தண்ணீர் குடிக்கும் ஓடைகள் ஓடுகிற காட்டில் மருந்து அடிப்பதற்கு சூழல் ஆர்வலர்கள் எதிர்ப்பு தெரிவிக்கிறார்கள். அது நியாயமான எதிர்ப்புதான். வீட்டில் ஒரு மரம் இரண்டு மரம் வைத்து இருப்பவர்கள் மருந்து பக்கம் போகவே தேவை இல்லை. மண்வெட்டியும் பொறுமையும் போதும்.

காய் பழுப்பதற்கு முன் வேலையை முடிப்பது ரொம்ப முக்கியம். காய் முற்றிய மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினால் வழி நெடுக விதைத்துக்கொண்டே போன மாதிரி ஆகிவிடும். அந்த மரத்தடி மண்ணை அள்ளி வேறு இடத்தில் கொட்டுவதும் அப்படித்தான். மழை தண்ணீரில் அடித்துக்கொண்டு போகும் விதை ஓடைக்கரை முழுக்க முளைக்கும்.

காகிதம் ஆகும் மரம்

வெட்டிய மரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அரசு ஒரு வழி கண்டது. 2022-ம் ஆண்டு தமிழக அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களை அகற்றி காட்டை மீட்பதற்கு என்று தனி கொள்கையை வெளியிட்டது. மேற்கு தொடர்ச்சி மலை காடுகளில் அந்நிய மரங்களை அகற்றும் விவகாரத்தை சென்னை ஐகோர்ட்டும் கையில் எடுத்து அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டது. அதை தொடர்ந்து முதுமலை பகுதியில் சென்னா மரங்களை வெட்டி எடுத்து காகிதக்கூழ் தயாரிக்க கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. காட்டை கெடுத்த மரம் நோட்டு புத்தகமாக மாறுவது நல்ல சேதிதான்.

ஆனாலும் ஒரு சந்தேகம் எழத்தான் செய்கிறது. ஆலைக்கு வேண்டியது தடித்த மரம். காட்டுக்கு வேண்டியது, கட்டையில் துளிர்ப்பதையும் மண்ணில் முளைக்கும் பொடிக்கன்றையும் விடாமல் பிடுங்கும் ஆள். தடி மரம் லாரி ஏறியதோடு கணக்கு முடிந்தது என்று விட்டால் சில வருஷத்தில் அதே இடத்தில் முன்பை விட அடர்த்தியாக சென்னா நிற்கும். மண்ணில் கிடக்கும் விதை ஒரே மழையில் எல்லாம் முளைத்துவிடாது. இந்த வருஷம் கொஞ்சம், அடுத்த வருஷம் கொஞ்சம் என்று தவணை முறையில் முளைக்கும். அதனால் ஒரு இடத்தை சுத்தம் செய்தால் பல வருஷங்கள் மழைக்கு மழை திரும்ப போய் கன்று பிடுங்க வேண்டும்.

சுத்தம் செய்த இடத்தை வெறுமனே விடுவதும் ஆபத்து. வெயில் விழுந்ததும் முதலில் ஓடி வருவது உண்ணிச்செடியும் பார்த்தீனியமும். உண்ணிச்செடியை தின்றால் மாட்டுக்கு ஈரல் கெட்டு, தோல் வெந்து போகும். ஒரு பேயை விரட்டி இன்னொரு பேயை குடிவைத்த மாதிரி ஆகிவிடும். உள்ளூர் புல் வகைகளை விதைத்து, நெல்லி, மூங்கில் என்று அந்தந்த மண்ணுக்கு உரியதை நட்டு, வேர் பிடிக்கும் வரை காவல் காக்க வேண்டும். முதுமலையை சுற்றி வாழும் இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மக்களுக்கு எந்த புல்லை எந்த விலங்கு தின்னும் என்பது அத்துப்படி. இந்த வேலையை அவர்களுக்கு கொடுத்தால் காட்டுக்கும் லாபம், அவர்களுக்கும் கூலி.

வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

தோட்ட வீடு, தங்கும் விடுதி, பள்ளிக்கூடம் என்று எங்கே இந்த மரம் நின்றாலும் அதன் விதை காட்டுக்கு போக வாய்ப்பு உண்டு. குறிப்பாக காட்டை ஒட்டிய இடங்களிலும் ஓடைக்கரைகளிலும் அழகுக்கு என்று இதை வைத்து இருப்பவர்கள் அதற்கு பதிலாக சரக்கொன்றையே வைக்கலாம். அழகிலும் அது குறைச்சல் இல்லை. நர்சரியில் “மஞ்சள் பூ மரம்” என்று கேட்டு கொடுத்ததை வாங்கி வராமல், இலையில் எத்தனை ஜோடி என்று எண்ணிப்பார்த்து வாங்க வேண்டும். கன்றிலேயே இந்த வித்தியாசம் ஓரளவு தெரியும்.

ஏற்கனவே நிற்கும் மரத்தை அகற்ற நினைப்பவர்கள் அவசரப்பட்டு கோடாலியை எடுக்க வேண்டாம். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதற்கும் 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்பு சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். முதலில் வனச்சரக அலுவலகத்தில் மரத்தின் பூ, இலை, காய் தெரியும்படி படம் எடுத்து காட்டி, அது சென்னாதானா என்று உறுதி செய்து கொண்டு மனு கொடுக்கலாம். காப்புக்காட்டுக்குள் நுழைந்து நாமே பட்டை உரிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக்கூடாது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் வழக்கு பாயும், யானையும் நோக்கத்தை விசாரித்துவிட்டு துரத்தாது.

கன்று பிடுங்குவதற்கு அனுமதி எதுவும் தேவைப்படாத சொந்த தோட்டக்காரர்கள், தென்மேற்கு பருவமழை பிடித்து இரண்டு வாரம் கழித்து ஒரு சுற்று, வடகிழக்கு பருவமழையில் இன்னொரு சுற்று என்று வருஷத்துக்கு இரண்டு தடவை தோட்டத்தை சுற்றி வந்தால் போதும். முளைத்து ஒரு சாண் வளர்வதற்குள் பிடுங்கினால் சின்னப்பையன் கூட பிடுங்கிவிடலாம்.